புலிக்கு இன்னொரு கரண்டி பொங்கல்

ஒரு காட்டில் நடுத்தர வயது என்று ஒன்று இருந்தது. எல்லாக் காட்டிலும் இருப்பதுதான். ஆனால் மற்ற கதைகளில் இதை மறைத்துவிடுவார்கள். அங்கே புலி என்றால் பாய்ந்துகொண்டே இருக்கும், மான் என்றால் துள்ளிக்கொண்டே இருக்கும். பாதி வயதைத் தாண்டிய பிறகு அவற்றின் இடுப்பு என்ன ஆயிற்று என்று கதை சொல்கிற யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

குழந்தைவேலு ஒரு புள்ளிமான். இளமையில் நன்றாக ஓடியவர்தான். மந்தைக்குத் தலைவரான பிறகு ஓடுவதை விட்டுவிட்டார். தலைவர் ஓடினால் மந்தை பயந்துவிடும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்தபடியே நிர்வாகம் நடந்தது. மேலேயிருந்து பூ விழும், இவர் வாயைத் திறப்பார். சில வருடங்களில் வயிறு புல்லைத் தொட்டது. உடம்பிலிருந்த புள்ளிகள்கூட அகலமாகிவிட்டன.

உக்கிரபாண்டி ஒரு புலி. அவருக்கும் அதே வயது, அதே வயிறு. வாசலுக்கே நரிகள் இறைச்சி கொண்டுவந்து தரும் வசதி காட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வேட்டைக்குப் போனதில்லை. கைபேசியில் ஒரு தட்டு தட்டினால் போதும். பொட்டலம் தாமதமானால் நரிக்கு ஒரு நட்சத்திரம் குறைத்துப் போடுவார். அன்றைய உடற்பயிற்சி அதோடு முடிந்தது.

இருவரும் முதலில் சந்தித்தது நாரை டாக்டரின் ஆஸ்பத்திரியில், டோக்கன் வரிசையில். முன்னால் மான், பின்னால் புலி. மானுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பயப்படாதீங்க சார்," என்றார் உக்கிரபாண்டி. "எனக்கும் முட்டி வலிதான்."

நாரை டாக்டர் ஒற்றைக் காலில் நின்றபடி இருவரையும் பார்த்தார். அந்தக் கால் எப்படி அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்ற பொறாமையில் இருவரும் அவர் சொன்னதைப் பாதிதான் கேட்டார்கள்.

"இந்த வயசுல சாப்பாடு கூடலைன்னாலும் எடை கூடும். உடம்பு முன்ன மாதிரி செலவழிக்காது. தினமும் காலையில நடங்க," என்றார் டாக்டர். பிறகு புலியின் பக்கம் அலகை நீட்டினார். "நீங்க வாசலுக்கு வர்ற பொட்டலத்தை நிறுத்தணும். இறைச்சி வேணும்னா நீங்களே ஓடிப் பிடிச்சுச் சாப்பிடுங்க. அதைவிட நல்ல பயிற்சி கிடையாது."

பக்கத்தில் நின்ற குழந்தைவேலு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். புலிக்கு எழுதிய மருந்தில் தானும் ஒரு சரக்கு என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். நடப்பது என்றால் பேசுவது. பேச்சு நின்றால் கால் நின்றுவிடும், கால் நின்றாலும் பேச்சு நிற்காது. புலி காலில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் "எழுந்து நடங்கள்" என்று அது கத்தும். நடந்தால் "அபாரம்" என்று பாராட்டும். வீட்டில் அப்படிப் பாராட்ட ஆளில்லாததால் உக்கிரபாண்டி அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்.

நடை முடிந்ததும் ஏரிக்கரையில் நடந்தவர்கள் எல்லோரும் நேராகத் தேனப்பன் மெஸ்ஸுக்குப் போவார்கள். தேனப்பன் ஒரு கரடி. அவருடைய வெண்பொங்கலில் அரிசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் நெய்யும் முந்திரியும். ஏரிக்கரையில் கரைத்ததை மெஸ்ஸில் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டு போவது அந்தக் காட்டின் வழக்கம். புலி பொங்கல் தின்னுமா என்று கேட்காதீர்கள். நரியை நிறுத்திவிட்டு ஓடவும் முடியாமல் இருந்து பாருங்கள், உங்களுக்கும் பொங்கல் இனிக்கும்.

அந்த மெஸ்ஸில் ஒரு பந்தி மரியாதை உண்டு. கூட நடந்து வந்தவர் சாப்பிட்டு முடிக்கும் முன் யாரும் இலையை விட்டு எழக் கூடாது. இருவரும் எழும்வரை ஒருவரை ஒருவர் கடிக்கவும் கூடாது. இதை மீறியவனுக்கு அந்தக் காட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். அதனால்தான் கீரியும் பாம்பும் அங்கே அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சட்னி கேட்டுக்கொண்டிருந்தன.

இப்படியே மழைக்காலம் முடிந்து பனி வந்தது. ஒரு நாள் நடக்கும்போது உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சார், நமக்குள்ள என்ன?"

"நாளைக்கு டிபன் முடிஞ்சதும் உங்களைத் துரத்தலாம்னு இருக்கேன்."

குழந்தைவேலுவின் கால்கள் நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய பேச்சும் நின்றது.

"என்னையா?" என்றார் ஒருவழியாக. "காட்டுல எத்தனை மான் இருக்கு!"

"இருக்கு. ஆனா அதுங்க எல்லாம் ஓடுதே சார். என் வேகத்துக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." புலி நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தது. "எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா? உங்கள மாதிரி பேச்சுத்துணை எனக்கு வேற யாரு? ஆனா டாக்டர் சொல்லிட்டார். சொல்லாமப் பாயறது நல்லா இருக்காதேன்னுதான் முன்கூட்டியே சொல்றேன்."

"அபாரம்," என்றது கடிகாரம்.

குழந்தைவேலு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி கோமளம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் தினமும் விடியும் முன் எழுந்து மலையடிவாரம்வரை ஓடிவிட்டு வருகிறவள். கணவரைப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தவள்.

"ஏரியைச் சுத்தி ஊர்க்கதை பேசறது பயிற்சி இல்லைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! இப்பவாவது ஓடிப் பழகுங்க, எழுந்திருங்க!"

குழந்தைவேலு எழுந்தார். இலுப்பை மரத்தைச் சுற்றி ஓடினார். பாதிச் சுற்றில் மூச்சு வாங்கியது. மீதிச் சுற்றை நடந்தார். அதிலும் கடைசிப் பகுதியை உட்கார்ந்தபடியே கடக்க முடியுமா என்று பார்த்தார். கோமளம் அழுதுவிட்டாள். அவருக்கும் பயம்தான். செத்துப்போவது ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் கூடப் பேசிக்கொண்டு வந்தவர் வயிற்றுக்குள் போவதா என்ற வருத்தம் இன்னொரு பக்கம்.

"விடு கோமளம். கடைசிச் சாப்பாட்டையாவது நிதானமாச் சாப்பிட்டுட்டுப் போறேன்."

அழுகைக்கு நடுவிலும் கோமளத்துக்குக் கோபம் வந்தது. "நிதானத்துக்கு என்ன குறைச்சல்? காலையில தின்னதை நாள் முழுக்க மென்னுக்கிட்டே இருக்கீங்க! ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்ல வாய் ஒழியுதா உங்களுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க சாப்பிட்டு முடிச்சு நான் பார்த்ததே இல்ல!"

குழந்தைவேலுவின் காதுகள் நிமிர்ந்தன. மெல்வதைக்கூட நிறுத்திவிட்டு மனைவியை ஆசையோடு பார்த்தார். பிறகு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார். இவருக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று கோமளம் நினைத்தாள்.

மறுநாள் நடை முடிந்தது. மெஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். மானுக்குத் தேனப்பன் ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்தார், புலிக்குப் பொங்கல். உக்கிரபாண்டி கொஞ்சமாகச் சாப்பிட்டார். ஓட வேண்டுமே! குழந்தைவேலு கீரையை முடித்து இலையைக் காலி செய்தார்.

"போகலாமா சார்?" என்றார் புலி, வருத்தமான மரியாதையோடு.

"இருங்க சார். நான் இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"இலைதான் காலியா இருக்கே?"

"இலையில காலி. உள்ளே போனது இப்பதான் திரும்ப மேல வருது." குழந்தைவேலு கண்ணை மூடி, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து, அசைபோட ஆரம்பித்தார்.

உக்கிரபாண்டி தேனப்பனைப் பார்த்தார். தேனப்பன் மானின் வாயை உற்றுப் பார்த்தார். "மெல்றாரே சார். மெல்றவரை விட்டுட்டு எழுந்தா மரியாதை இல்ல. நீங்க சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம்." ஒரு கரண்டி பொங்கல் புலியின் இலையில் விழுந்தது. காலி இலையைப் பார்த்தால் தேனப்பனுக்குக் கை நிற்காது.

கீரியும் பாம்பும் சாப்பிட்டு எழுந்து போயின. முயல்கள் வேலைக்குப் போயின. மான் மென்றுகொண்டே இருந்தது.

"எப்ப சார் முடியும்?"

"எங்க குலத்துல இதுவரைக்கும் யாரும் முடிச்சதா கேள்விப்பட்டதில்ல சார்," என்றார் குழந்தைவேலு. பிறகு தேனப்பனைக் கூப்பிட்டார். "தேனப்பா, சார் இலையைப் பாரு. எனக்காக ஒரே ஒரு கரண்டி!"

எனக்காக என்று ஒருவர் சொன்ன பிறகு மறுக்க உக்கிரபாண்டியின் வளர்ப்பு இடம் தரவில்லை. பொங்கலுக்குப் பின் வடை வந்தது. வடைக்குத் துணையாக மறுபடி பொங்கல் வந்தது. "வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்" என்று கடிகாரம் கத்தியது. புலி அதைக் கழற்றிச் சாம்பார் வாளிக்குள் போட்டது. உள்ளேயிருந்து சிறிது நேரம் சத்தம் வந்தது, பிறகு அதுவும் அடங்கியது.

உச்சி வெயிலில் உக்கிரபாண்டி கடைசிக் கரண்டியையும் முடித்து, இலைமேலேயே சாய்ந்து குறட்டை விட்டார். குழந்தைவேலு மெல்ல எழுந்து, அவர் மீசையில் ஒட்டியிருந்த முந்திரியைத் தட்டிவிட்டு, பொடிநடையாக வீடு போய்ச் சேர்ந்தார். வாசலில் காத்திருந்த கோமளம் அவரைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தோடு கழுத்து வைத்து அழுதாள். அன்று முதல் அவர் மெல்லும்போது அவள் குறுக்கே பேசுவதில்லை.

மறுநாளும் நடை, மறுநாளும் பந்தி, மறுநாளும் "எனக்காக ஒரு கரண்டி." கோடை வந்தபோது இருவரும் மறுபடி டோக்கன் எடுத்து நாரை டாக்டரிடம் போனார்கள். எடை பார்க்கும் கல்மேல் உக்கிரபாண்டி ஏறினார். கல் இரண்டாகப் பிளந்தது.

"ஓடிப் பிடிச்சுச் சாப்பிடச் சொன்னேனே?" என்றார் டாக்டர்.

"இன்னும் பந்தி முடியலை டாக்டர்," என்றார் புலி பரிதாபமாக.

டாக்டர் காலை மாற்றி நின்று யோசித்தார். "உங்க உடம்புக்கு நடை ஒத்துக்கலை. நடக்க ஆரம்பிச்சுதான் இவ்வளவு ஏறியிருக்கு. பேசாம பழையபடி நரியையே வரச் சொல்லிடுங்க." பிறகு மானைப் பார்த்தார். "நீங்களும் துளிகூடக் குறையலையே சார்?"

"நான் எதுக்கு டாக்டர் குறையணும்?" என்றார் குழந்தைவேலு, மென்றுகொண்டே. "அதான் அவர் கூடியிருக்காரே!"

நீதி: நடுத்தர வயதில் எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்றில்லை. நம்மைத் துரத்துகிறவரின் எடை குறையாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.