மச்சான் கொடுத்த மெஷின்

மரியாதைக்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். நீங்கள் பெரிய மனது பண்ணி என் பட்டறைக்கு அனுப்பிவைத்த தோல் தையல் மெஷின் மட்டும் சுகமில்லை.

"எருமைத் தோலக்கூட வெண்ணெய் மாதிரி தைக்கும் மாப்பிள்ளை" என்றீர்கள். தைக்கிறது. மேல்பக்கம் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். திருப்பிப் பார்த்தால் அடியில் நூலெல்லாம் சுருண்டு, ஏதோ குருவி முட்டையிட இடம் பிடித்துவைத்த மாதிரி கிடக்கிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் சமர்த்தாகக் கையோடு வந்துவிடுகிறது. போனில் கேட்டேன். ஊசியை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். நூலை மாற்றச் சொன்னீர்கள், அதையும் மாற்றினேன். எண்ணெய் விடச் சொன்னீர்கள். மெஷினைவிடத் தோல்தான் அதிகம் குடித்தது. மேல்நூலை இறுக்கும் திருகை இன்னும் இறுக்கச் சொன்னீர்கள். இனி இறுக்கினால் அது மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். கடைசியில் "நீங்க உக்கார்ற விதம் சரியில்ல போல" என்றீர்களே, அன்றிலிருந்து நின்றுகொண்டே தைக்கிறேன்.

பராமரிப்பில் குறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோலை அழுத்திப் பிடிக்கும் அந்த இரும்புப் பாதத்தைக் காட்டி, "இத எப்பவும் தூக்கி வைக்காதீங்க, ஸ்பிரிங் போயிரும்" என்று முதல் நாளே சொன்னீர்கள். தோலை உள்ளே தள்ளவும் வெளியே எடுக்கவும் மட்டும்தான் தூக்குகிறேன். மற்ற நேரமெல்லாம், நூல் கோக்கும்போதுகூட, கீழேயே இறக்கி வைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளைகளை நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் தன்னிடம் வரும் நாய்களுக்கெல்லாம் தோல் வார் கேட்டிருக்கிறார். மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். பட்டறை வாசலிலேயே மாட்டிப் பார்த்தார். "உக்காரு" என்றார், நாய் உட்கார்ந்தது. "நட" என்றார், நடந்தது. கழுத்துப்பட்டை அதனோடு போனது, வார் இவர் கையிலேயே நின்றுவிட்டது. நாய் தெருமுனைவரை போய், பாவம், திரும்பிப் பார்த்தது. "என் நாய் சொன்னதக் கேக்குது. உங்க தையல்தான் கேக்க மாட்டேங்குது" என்றார் அவர். வியாழக்கிழமைக்குள் உறுதியான வார் காட்டாவிட்டால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவாராம். அந்த ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். பயமாக இருக்கிறது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உங்கள் தங்கையோ, "எங்க அண்ணன் குடுத்தது எப்படிங்க கெட்டுப்போகும், எல்லாம் உங்க கை ராசி" என்கிறாள். ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வாரை நான் கையாலேயே தைத்துக்கொள்கிறேன். புதன்கிழமைக்கு வண்டி பேசியாயிற்று. மெஷின் உங்கள் வாசலில் வந்து இறங்கும். கூடத்தில் வைத்து அழகு பாருங்கள். சாட்சிக்கு, இந்தக் கடிதத்தையே அந்த மெஷினில் தைத்த தோல் உறைக்குள் வைத்து அனுப்புகிறேன். உங்கள் கை பட்டதும் உறை பிரிந்து, கடிதம் தானாக மடியில் விழும். நான் இனி மெஷினைத் தொடுவதாக இல்லை. உறையை உங்கள் தங்கையே தைக்கட்டும், அவளும் கண்ணால் பார்க்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இதே மெஷினில் தைத்த செருப்பையும் அருள்வாராக.

இப்படிக்கு, நின்றபடியே,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு (உறையின் மேல் எழுதியது): மச்சான், "பாதம் கீழ இருந்தா ஊசிக் கண்ணே தெரியலயே" என்று உங்கள் தங்கை அதைத் தூக்கிவிட்டு நூல் கோத்தாள். முதலில் நூல் அறுந்தது. நான் இறுக்கியிருந்த திருகைத் தளர்த்தினாள். அதற்குப் பிறகு மேலும் கீழும் ஒரே மாதிரித் தையல். பாதம் இறங்கியிருந்தால், திருகுக்கு அடியில் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காராதாம். கோக்கும்போது தூக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வார்கள் தயாராகின்றன. இந்த உறையையும் கடிதத்தை உள்ளே வைத்து நாலு பக்கமும் அவளே தைத்து முடித்துவிட்டாள். இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடித்தும் பார்த்தேன், உறுதியைச் சோதிக்கத்தான். ஓர் இழைகூட அசையவில்லை. கத்தி அவள் கையில் இருக்கிறது. ஆகவே நீங்களும் சிரமப்பட்டுத் திறக்க வேண்டாம். உள்ளே நலம் விசாரித்திருக்கிறேன், அவ்வளவுதான்.