விமானத்தின் மீது மோதிய கொட்டகை

கொடைக்கானலில் பெரிய மனிதர்கள் முன்பு குதிரை வைத்திருந்தார்கள், பிறகு ஜீப். இப்போது இரண்டுமே கௌரவக் குறைவு. ஆகவே விடுதி அதிபர் ராஜமுருகன், கவுஞ்சிப் பக்கம் பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டைச் சமப்படுத்தி, குட்டி விமானம் ஒன்றை வாங்கி நிறுத்தினார். பறக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பைலட் வெங்கடேஷ் அதைத் தினமும் தரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை, திரும்புகிற இடத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த அன்னக்கொடியின் மாட்டுக் கொட்டகையை இறக்கை வாரிக்கொண்டு போனது. சினைமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தப்பியது. மழைக்காலம். மாட்டைத் தன் வீட்டுக்குள் கட்டிவிட்டு, அன்னக்கொடி போலீசுக்குப் போனாள்.

"வண்டி நம்பர் என்னம்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் பழனிவேல்.

"ஏரோப்பிளேனுங்கய்யா."

"அப்ப அது நம்ம சோலி இல்ல. ரோட்டுல ஓடுறதுக்குத்தான் நாங்க."

சென்னையிலிருந்து விமானத்துறை அதிகாரி ஜெயப்பிரியா வரவழைக்கப்பட்டார். ஊரே கூடியது.

"சம்பவத்தின்போது விமானம் பறந்ததா?"

"இல்லங்கம்மா, தரையில ஓடுச்சு," என்றாள் அன்னக்கொடி.

"விமானம் ஓடாது, பறக்கும். பறக்காத விமானம் நின்றுகொண்டிருந்ததாகவே கருதப்படும்."

"நின்ன ஏரோப்பிளேன் எப்படிங்க கொட்டகைய இடிக்கும்?"

"அதையேதான் நானும் கேட்கிறேன். மோதல் நடந்திருக்கிறது. விமானம் நகரவில்லை. அப்படியானால் நகர்ந்தது எது?"

எல்லோரும் கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

"சாட்சி வேணுமே," என்று பழனிவேல் தலையைச் சொறிந்தார்.

ராஜமுருகன் தொண்டையைக் கனைத்தார். "கொட்டகை நகர்ந்ததப் பாத்தவங்களுக்கு ஞாயித்துக்கெழம ஏரோப்பிளேன்ல ஒரு சுத்து இலவசம்."

ஊரில் கண் தெரிந்த அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். கண் தெரியாத ஒருவர் சத்தம் கேட்டிருந்தார். அன்னக்கொடி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் யாருடைய ஆடு கிணற்றில் விழுந்தபோது கயிறு கட்டி இறங்கினாளோ, அந்த முருகம்மாளும் கை தூக்கி நின்றாள்.

"நீயுமா, மதினி?"

"போன கொட்டா போயிருச்சு. வானத்த எப்பப் பாக்கப் போறோம்? நீயும் கையத் தூக்கு."

அன்னக்கொடி கையைத் தூக்கினாள். பிறகு மெதுவாக, "எனக்கும் ஜன்னல் ஓரம் கெடைக்குமாங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பட்டுடுத்தி வரிசையில் நின்றது. முதல் சுற்றில் அன்னக்கொடி, முருகம்மாள், பழனிவேல். எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. அனுமதி இல்லாததால் வெங்கடேஷ் விமானத்தைத் தரையிலேயே இரண்டு சுற்று ஓட்டி நிறுத்தினான்.

"மேகத்துக்குள்ளயே போயிட்டு வந்தோம்!" என்று முருகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசை கைதட்டியது.

அன்னக்கொடிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏனுங்கய்யா, ஆகாசத்துலயும் பூண்டு வாசம் அடிக்குமா?"

பழனிவேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்புட்டு ஒயரத்துக்குப் போனா அப்படித்தாம்மா இருக்கும்."