கரியோடு போன கூப்பன்கள்

கரி நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகுதான், எதைக் கொளுத்தினோம் என்று டெல்பர்ட் ஹாக்னர் குனிந்து பார்த்தார். அடுப்புக்கடியில் பாதிப் பற்பசைப் படம் ஒன்று கருகாமல் கிடந்தது. மேலே 'ஒரு டாலர் தள்ளுபடி' என்பதில் 'ஒரு' மட்டும் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் கூப்பன் பக்கங்கள்; வெட்டிக் கடையில் நீட்டினால் விலையைக் குறைப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தைத்தான் சுருட்டித் திணித்தோம் என்று அவர் நினைத்திருந்தார். அது மேசை மேல் பத்திரமாக இருந்தது.

மனைவி மார்ஜீன் சர்ச்சிலிருந்து திரும்ப அரைமணி நேரம் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றதிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிருந்தது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிறு மதியம் மட்டும் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து, "டெல், இதப் பாரு, ரெண்டு ஷாம்பு வாங்கினா ஒண்ணு சும்மா!" என்று சிரிப்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து தாளைப் புரட்டிக் கொடுப்பார். வாரத்துக்கு அந்த ஒரு சிரிப்பு. அதைத்தான் இப்போது கொளுத்திவிட்டார்.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டொலிடோ நகரத்தின் பாதித் தெருக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. பெட்ரோல் பங்க் கடையில் இரண்டு பேப்பர் வாங்கிக் காரில் வந்து பிரித்தார். இரண்டிலும் கூப்பன் இல்லை. திரும்ப உள்ளே போய்க் கேட்டார்.

"யாரோ காலையிலயே உருவிட்டாங்க. வாராவாரம் நடக்கறதுதான்" என்றான் கடைக்காரன்.

"தெரிஞ்சுமா வித்தே?"

"செய்தியெல்லாம் அப்படியே இருக்கே சார்!"

திரும்பி வரும் வழியில், பக்கத்து வீட்டு ஆர்லிஸின் வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் பேப்பர் கிடந்தது. டெல்பர்ட்டுக்கு அறுபத்தெட்டு வயதில் முதல் திருட்டு யோசனை வந்தது. அதை எடுத்துக்கொண்டு, கூப்பன் இல்லாத தன் பேப்பரை உறைக்குள் வைத்துவிடலாம். செய்திதான் அப்படியே இருக்கிறதே.

கையை உள்ளே விட்டபோது கதவு திறந்தது.

"என்ன டெல்பர்ட், என் பேப்பர்கிட்ட என்ன ரகசியம்?"

"மழையில நனைஞ்சிருக்கான்னு பார்த்தேன், ஆர்லிஸ்."

"மழையா? பத்து நாளா ஒரு சொட்டு இல்ல."

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆர்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்த வாரத்தது குடுக்க மாட்டேன். பழசு ஒரு பெட்டி இருக்கு. பதிலுக்கு என் புல்லை வெட்டிக் குடுக்கணும்."

பெட்டியை வாங்கிக் கிளறினார். பூனைத் தீனி. குழந்தைகளுக்கான டயப்பர். இன்னும் பூனைத் தீனி.

"இதெல்லாம் கெடு முடிஞ்சு போச்சே!"

"திருட வந்தவனுக்குத் தேதி வேற பார்க்கணுமா? புல்லு சனிக்கிழமை. மறந்துடாதே."

காரை மறுபடியும் கிளப்பித் தெருமுனையைத் தாண்டியபோது போன் அடித்தது. மார்ஜீன்.

"எங்க இருக்க?"

"கரி வாங்க வந்தேன்."

"கராஜ்ல ரெண்டு மூட்டை இருக்கே?"

"இது... நல்ல கரி."

"அடுப்புல இருந்தது சாம்பலாயிடுச்சு டெல். நான் மேசையைத் துடைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அந்தக் குரல் அவரைச் சூப்பர் மார்க்கெட் வரை விரட்டியது. அவர் வாரந்தோறும் மார்ஜீனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காரிலேயே காத்திருக்கும் கடை. உள்ளே ஐந்து பேப்பர் மிச்சமிருந்தன. தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஐந்திலும் கூப்பன் முழுசாக இருந்தது. ஐந்தையும் அள்ளிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

மீண்டும் போன். "இன்னும் வரலயா? மணி ரெண்டாகப் போகுது."

"பத்து நிமிஷம். கரி கனம் ஜாஸ்தி."

பில் போடும் டான்யா பேப்பர்களைப் பார்த்தாள், அவருடைய புகையேறிய சட்டையைப் பார்த்தாள். "அஞ்சு எதுக்கு சார்?"

டெல்பர்ட் ஒன்றுவிடாமல் சொன்னார். கரி, பெட்ரோல் பங்க், டயப்பர், புல்வெளி. "கூப்பன் இல்லேன்னா மார்ஜீன் உடைஞ்சு போயிடுவா. அவளுக்கு அதுதான் உசுரு."

"நம்ம மார்ஜீனம்மாவோட வீட்டுக்காரரா நீங்க?" டான்யாவின் கை அப்படியே நின்றது. "அவங்க இதுவரைக்கும் என்கிட்ட ஒரு கூப்பன்கூட நீட்டினதில்லையே சார். வெட்டினதையெல்லாம் கடை வாசல் டப்பாவுல மத்தவங்களுக்குப் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஏம்மா இப்படின்னு கேட்டா, 'வெட்டற நேரத்துலதான்டி எங்க வீட்டுக்காரர் எங்கயும் போகாம என் எதிர்ல உக்காந்திருக்கார்'ம்பாங்க."