பதிவே ஆகாத அழைப்பைப் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அப்படி அழைக்கும் உரிமை இன்னும் பறிபோகவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் அக்கா நலமா? அவரை விசாரிப்பதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள்தான் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் வாய் மறுபடி என்ன உளறி வைக்குமோ என்று எனக்கே பயம்.

நடந்தது இதுதான். குடிநீர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டால்கூட, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்கிறேன். அன்று நீங்கள் கல்யாண ஹால் வாடகையில் ஆரம்பித்து, மெல்ல உங்கள் அக்காவிடம் வந்து, "அவளைக் கடைசி வரிசையில உட்கார வைங்க, மைக் இருக்கிற பக்கமே விடாதீங்க, கையில கிடைச்சுதுன்னா கல்யாணத்தையே அவதான் நடத்துவா" என்று மனம்விட்டுக் கொட்டினீர்கள். நீங்கள் குறை சொல்லச் சொல்ல எனக்குப் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. நீங்கள் முடித்ததும் வாய் தானாகத் திறந்து, "கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி. சேவையை மேம்படுத்துவதற்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று சொல்லித் தொலைத்தது. "என்னது, பதிவா? என்னைக் கேட்காமலா? இது சட்டப்படி குத்தம் தெரியுமா உங்களுக்கு?" என்று நீங்கள் போனை வைத்தீர்கள். அத்தோடு கல்யாணப் பேச்சும் நின்றது.

மாடி வீட்டு வக்கீலிடம் ஓடினேன். "ரெக்கார்ட் பண்ணீங்களா?" என்றார். சத்தியமாக இல்லை என்றேன். "பண்ணலைன்னு நிரூபிக்க முடியுமா?" என்றார். அந்தப் பேச்சைப் பதிவு செய்திருந்தால் நிரூபித்திருக்கலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இதுல ஊருக்கு ஊர் சட்டம் வேற சார். சில இடத்துல பேசுறவங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும், சில இடத்துல எல்லாரும் ஒத்துக்கணும். எதுக்கு வம்பு, முதல்லயே கேட்டுடுறது நல்லது" என்றார். செய்யாத பதிவுக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். "அதுக்குச் சட்டத்துல இடமே இல்ல. சம்பந்தி வீட்டுலதான் உண்டு" என்றார்.

சரி, போனையே அனுப்பி வைப்போம், நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் மகனிடம் கொடுத்து அனுப்பினேன். அதில் பதிவாகியிருந்தது ஒன்றே ஒன்று, என் குறட்டை. அது என் மனைவி எனக்குத் தெரியாமல் எடுத்தது. நான் அவள் மேல் வழக்கா போட்டேன்? "மத்ததை எல்லாம் அழிச்சிருப்பார்" என்று நீங்கள் சொன்னதாக, போனைத் திருப்பிக் கொண்டுவந்த உங்கள் மகனிடம் கேட்டு இடிந்துபோனேன்.

என்னை விடுங்கள். பிள்ளைகளைப் பாருங்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் மகள், துடைத்த மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாளாம். லிஃப்ட் மெக்கானிக்கான உங்கள் மகனோ, எங்கள் கட்டிடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டைப் பழுது பார்க்க அடிக்கடி வருகிறார். அவர் கை வைத்த பிறகுதான் அது மூன்றாவது மாடியில், சரியாக எங்கள் வீட்டு வாசலில், நின்று நின்று போகிறது. இப்படிப்பட்ட இரண்டு பேரை என் நாக்குக்காகப் பிரித்து வைப்பது நியாயமா? எனக்கு மனசு ஆறவில்லை சம்பந்தி.

இனி "பதிவு" என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டேன். அக்கா விஷயம் என்னோடு மண்ணுக்குள் போகும். என் மனைவி, மகள் சார்பிலும் உங்கள் எல்லோருக்கும் அன்பு. பிள்ளைகள் ஒரே வீட்டில் உட்கார்ந்து நம் இருவரையும் கேலி செய்யும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாகியே தீருவது என்றிருக்கும்
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. உங்கள் அக்கா! "நீங்கதானே பொண்ணோட அப்பா? ரெக்கார்ட் பண்ணாரு, பண்ணலைன்னு என்ன கூத்து இது? என் தம்பி போன்ல பேசினா தெருவுக்கே கேட்கும். நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன், எல்லாம் அப்பவே கேட்டாச்சு. கல்யாணம் நடக்கும். நான் முதல் வரிசையில உட்காருவேன், மைக்கும் எனக்குத்தான். அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டார். இதோ, சொல்லிவிட்டேன். துள்ளிக் குதித்து ஓடி வீட்டிலும் சொன்னேன். என் மனைவி அசரவே இல்லை. "நீங்க ஆசையில எதையாவது கேட்டிருப்பீங்க. ஆதாரம் எங்க?" என்கிறாள். மகள் வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்க்கிறாள். ஆகவே மேலே நான் கொடுத்திருக்கும் வாக்குகளை எல்லாம் அடித்துவிட்டு, அக்காவை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். முதலிலேயே அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே பதிவு செய்யப் போகிறேன்.