ஆடாத மேசை

வியாபாரம் இல்லாதவர்கள் ஈ ஓட்டுவார்கள். இவர் வியாபாரம் செய்ததே ஈயை நம்பித்தான். பறக்கிற ஈ இல்லை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்றுவதற்காகக் கட்டுகிற பொய் ஈ. அதைக் கட்டுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களைக் கையாலேயே செய்து கொடுப்பது இவர் தொழில். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ், நூலை விடுகிற பித்தளைக் குழல், இறகு நுனியைப் பிடிக்கிற இடுக்கி, இவற்றையெல்லாம் பொருத்தி வைக்க அளவெடுத்துச் செய்த மேசை. ஆர்டர் கடிதங்களைப் பார்ப்பது மனைவி.

ஒருநாள் வலது கை நடுங்குவதைக் கண்டுபிடித்தார்.

அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு. கடைசி ஆறு வருஷம் படுக்கை. குளிப்பாட்டியது இவர், ஊட்டியது இவர், கடைசியில் தூக்கியதும் இவர்தான். அண்ணன் டாக்டரிடம் போன பிறகுதான் நோயாளியானார் என்பது தம்பியின் கட்சி. ஆகவே ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தார். எந்த டாக்டர் முகத்திலும் முழிப்பதில்லை. மனைவியிடம் மூச்சு விடுவதில்லை. பாவம், பயந்துவிடுவாள்.

"ஏன் அரை டம்ளர் டீ போதுங்கறீங்க?"

"வயிறு சரியில்ல."

"பேப்பரை ஏன் தரையில விரிச்சுப் படிக்கிறீங்க?"

"கழுத்துக்கு நல்லது."

"கையெழுத்து ஏன் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு?"

"இங்க் மிச்சம்."

பட்டறையில் பழியை மேசை மேல் போட்டார். முள் நுனி நிலைகொள்ளவில்லையா? மேசைதான் ஆடுகிறது. அடியில் ஈயத்தகடு அடித்தார். மறுபடி ஆடியது. இன்னொரு தகடு. கடைசியில் அந்த மேசையை நகர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது.

"இதுக்கு மேலயும் ஆடுதா?" என்றாள் மனைவி.

"வைஸ் கொஞ்சம் ஆடுது."

"வைஸா, வயசா?"

அவர் சுத்தியலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

மூன்று தடவை டாக்டரிடம் நாள் குறித்தாள். முதல் தடவை அவருக்குப் பல்வலி. இரண்டாம் தடவை அவசர ஆர்டர். மூன்றாம் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் சமத்தாகப் போனார். டோக்கனை அவள் கையில் கொடுத்து, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றார். பின்வாசல் வழியாக நழுவி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தவள் திட்டவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சொன்னாள்: "பெரிய ஆர்டர் வந்திருக்கு. ஆள் ரொம்ப நுணுக்கமாம். எல்லாத்தையும் செஞ்சு காட்டச் சொல்வாராம். முகம் சுளிக்காதீங்க."

வந்தவர் ஒல்லியாக, அமைதியாக இருந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இவர் குளிர்ந்துபோனார்.

"குழல்ல நூல் கோத்துக் காட்டுங்களேன்."

ஏழாவது முயற்சியில் கோத்தார். "நூல் மட்டமான நூல்" என்றார்.

"இடுக்கியைத் திறந்து மூடுங்க. வேகமா. இன்னும் வேகமா. இப்ப இடது கையால."

"இடது கையாலயா?"

"இடதுகைக்காரங்களும் மீன் பிடிக்கிறாங்களே!"

நியாயமாகத்தான் பட்டது.

"உள்ள இருக்கிற ஸ்பிரிங் எப்படிச் சுத்தியிருக்கும்? வரைஞ்சு காட்டுங்க." வரைந்தார். மிதிபட்ட மண்புழு மாதிரி வந்தது. வந்தவர் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

"இந்த இறகை ஜன்னல் வெளிச்சத்துல பாக்கலாமா? நீங்க முன்னால நடங்க."

நடந்தார். வந்தவர் இறகைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு மேசை உயரம் சரிதானா பார்க்கிறேன் என்று சொல்லி, இவர் மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். இப்படி ஒரு ரசிகரை முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை என்று இவர் மறு கையையும் நீட்டினார்.

"சார் எந்த ஆத்துல மீன் பிடிக்கிறீங்க?"

"நான் மீனே சாப்பிடறதில்லைங்க."

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். தலைகீழாக இருந்தாலும் இவரால் மேல்வரியைப் படிக்க முடிந்தது. நரம்பு நோய் நிபுணர்.

"அன்னிக்கு உங்க வீட்டம்மா டோக்கனோட தனியா உள்ள வந்து அழுதாங்க" என்றார் டாக்டர். "உங்க அண்ணனைப் பத்தியும் சொன்னாங்க. அதேதான்னு நினைக்கிறேன். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். முழுசா குணமாகாது. ஆனா உங்க அண்ணன் ரொம்ப முத்தின பிறகுதான் டாக்டர்கிட்ட போயிருக்கார். நீங்க இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா இன்னும் பல வருஷம் இந்த மேசையில உக்காரலாம்."

டாக்டர் போனார். இவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பட்டறையில் மேசை ஆடவில்லை, வைஸ் ஆடவில்லை. மடியில் கிடந்த கை மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. மனைவி பக்கத்தில் வந்து அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"என்னை ஏமாத்திட்டே."

"ஆமா."

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"எது, கையா? உங்களுக்குத் தெரியறதுக்கு நாலு மாசம் முன்னாடியே. டிவி பாக்கும்போது கட்டைவிரல் தனியா எதையோ உருட்டிக்கிட்டே இருக்கும்."

"நாலு மாசம் முன்னாடியேவா? அப்பவே ஏன் சொல்லல?"

"பாவம், பயந்துடுவீங்களேன்னு மறைச்சு வெச்சிருந்தேன்."