பூபாலனின் மொட்டை டயர்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குள் வேல்குமாரைத் தோற்கடிப்பது என்றும், அதைத் தம் மனைவி கோமளாவுக்குத் தெரியாமல் செய்து முடிப்பது என்றும் பூபாலன் ஒரே மூச்சில் இரண்டு தீர்மானங்கள் எடுத்தார். முதல் தீர்மானம் மனிதனால் ஆகக்கூடியது.

அது 2007ஆம் ஆண்டு. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பூபாலனுக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது. பெயர்ப்பலகையில் உரிமையாளர் அவர்தான். தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைமை கோமளா. அங்கே தைத்த எதுவும் கோமளாவின் மேசையைக் கடக்காமல் கப்பல் ஏறியதில்லை. ஒரு தோள்பட்டைத் தையல் அரை சென்டிமீட்டர் விலகியிருந்தால் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பி வரும். அந்தப் பெட்டிக்காக வாதாடிய பூபாலனும் அதன் பின்னாலேயே திரும்பி வருவார்.

இந்த ஒழுங்கான வாழ்க்கைக்குள் ஒரு சிவப்புக் கார் நுழைந்தது. ஜப்பானில் பிறந்து, இரண்டு கை மாறி வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கோமளா அதில் ஒரே ஒரு முறை போயிருக்கிறார். கிணற்றில் இறங்குவதைப் போல அதற்குள் இறங்க வேண்டியிருந்தது. ஏறி வருவதற்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: கார் இருக்கட்டும், ஆனால் இனி அதற்கு ஒரு நட்டு வாங்குவதானாலும் தம்மிடம் காட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கோவைப் பக்கத்துப் பந்தயத் தளத்தை மாதம் ஒரு ஞாயிறு, சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். பரிசு இல்லை, கோப்பை இல்லை. சுற்றுக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்காகச் சாயப்பட்டறை முதலாளிகளும் நூல் மில் முதலாளிகளும் தலைக்கவசத்துக்குள் வியர்த்து வழிவார்கள். சென்ற மாதத் தாளில் சாயப்பட்டறை வேல்குமார் பூபாலனை இரண்டு விநாடி முந்தியிருந்தார். முந்தியதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு, துணி ஏற்றுகிற டெம்போவே போதுமே என்று எல்லார் காதிலும் விழும்படி வருத்தப்பட்டார்.

பூபாலனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வேல்குமாரே ஒரு யோசனையோடு வந்தார். சென்னையில் ஒரு தரகரிடம் எட்டு ஸ்லிக் டயர்கள் இருக்கின்றன. ஒரு கோடு, ஒரு பள்ளம் இல்லாமல் முடி இறக்கிய தலை போல வழவழவென்றிருக்கும் பந்தய டயர்கள். ஆளுக்கு நான்கு. ஒரே டயர் போட்டு ஓட்டினால் யார் ஓட்டுநர், யார் டெம்போ என்பது தெரிந்துவிடும். பூபாலன் தலையாட்டினார். கோமளாவிடம் காட்ட வேண்டிய பொருள் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. வந்த வழியே அதை அனுப்பியும் வைத்தார்.

டயர்கள் வந்தன. வெட்டுத்துணி மூட்டைகளுக்குப் பின்னால் கிடங்கில் ஒளிந்தன. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஸ்லிக் டயர் சூடாக இருந்தால்தான் தரையைக் கவ்வும், ஆறிப் போனால் சோப்புக்கட்டி. வெளிநாட்டுப் பந்தயங்களில் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்துகிறார்கள் என்று அவர் படித்திருந்தார். திருப்பூரில் மின்சாரப் போர்வை கிடைக்காது. ஆனால் உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பும் ஊரில் நான்கு டயருக்குச் சட்டை தைக்க முடியாதா? இஸ்திரிப் பிரிவின் பாய்லர் அறையில் சனிக்கிழமை மாலை டயர்களை வைத்துச் சூடேற்றி, மூன்றடுக்குக் கம்பளித் துணியில் உறை மாட்டி, ஞாயிறு காலை டெம்போவில் ஏற்றிவிட்டால், தளத்துக்குப் போய்ச் சேரும்வரை சூடு தாங்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மாலையில் பூபாலன் தம்மைக் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

சாம்பிள் அறைத் தையல்காரர் மயில்சாமியிடம் அளவுச் சீட்டைக் கொடுத்தார். நான்கு உறை. முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்குச் சற்று அகலம். சக்கரம் என்று மட்டும் எழுதவில்லை. மயில்சாமி நான்கு தைத்து முதலாளியிடம் கொடுத்தார். பிறகு அளவுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு தைத்து, சீட்டுக் கட்டி, கோமளாவின் அலமாரியில் வைத்தார். சாம்பிள் அறையில் எது தைத்தாலும் கவுண்டர் சாம்பிள் என்று ஒரு பிரதி தர அலமாரிக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தச் சட்டத்தைப் போட்டவரே பூபாலன்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கோமளா இரண்டு உறைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அவர் அறைக்குள் வந்தார்.

“ஏனுங்க, இது சரக்கு வாங்குற எந்தப் பையருக்குங்க?”

“ஜெர்மனிக்காரருக்கு.” பொய் சொல்ல நேரும்போதெல்லாம் பூபாலன் வாயில் ஜெர்மனிதான் வரும்.

“இதுல தலை எங்கீங்க நுழையுது?”

“தலையெல்லாம் நுழையாது அம்மிணி. இது நாய் படுக்கை. நாய் சுருண்டு படுத்துக்கும்.”

“நடுவுல இத்தாச்சோடு பெரிய ஓட்டைங்க. நாய் தரையிலயல்ல கெடக்கும்?”

“அந்த ஊர் நாய்க்குத் தரைதான் புடிக்குமாம்.”

“அப்பறம் மூணடுக்குத் துணி எதுக்குங்க?”

“குளுருமல்ல?”

கோமளா ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். “ரெண்டு அளவு இருக்குதுங்களே.”

“ஒண்ணு ஆம்பள நாய்க்கு. ஒண்ணு பொட்ட நாய்க்கு.”

கோமளா முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. அளவு நாடாவை எடுத்துச் சுற்றளவையும் அகலத்தையும் குறித்தார். பக்கத்தில் ஆண், பெண் என்றும் எழுதினார். நல்ல ஆர்டர், விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூபாலனுக்குத் தம் மூளையின் மேல் பெரும் மரியாதை பிறந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தாராபுரத்தில் ஒரு நூல் வியாபாரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். நூல் வியாபாரியைப் பார்க்க எதற்குத் தலைக்கவசம் என்று கோமளா கேட்கவில்லை. தோசைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இரண்டு ஆள் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. வழியில் யாராவது பசியோடு இருப்பார்கள் என்றார்.

தொழிற்பேட்டையில் சுமைக்காரர்கள் நான்கு உறைகளையும் பாய்லர் அறையிலிருந்து தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். பூபாலன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வெதுவெதுவென்று, அப்போதுதான் வயிறார உண்ட குழந்தையைப் போல் இருந்தன. அவருக்குக் கண் பனித்தது.

அவர் தளத்தில் காரை ஜாக்கியில் தூக்கி நான்கு சக்கரங்களையும் கழற்றியபோது, வேல்குமார் தமது ஸ்லிக் டயர்களோடு பாதையில் இறங்கிவிட்டார். தளத்தின் பொறுப்பாளர் திருமூர்த்தியும் ஏழெட்டு முதலாளிகளும் பூபாலனைச் சூழ்ந்து நின்றார்கள். டயருக்குச் சட்டை போட்டுக் கூட்டி வந்த மனிதரை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. பூபாலன் மெல்ல முதல் உறையின் நாடாவை உருவினார்.

உறைக்குள்ளிருந்து ஒரு பச்சைத் துணித் துண்டு எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்தார். மஞ்சள் வந்தது. கோடு போட்டது வந்தது. பூப்போட்டது வந்தது. பிறகு உறையே பிளந்து, இறுகச் சுருட்டிக் கட்டிய பனியன் வெட்டுத்துணி முழுவதும் அவர் காலடியில் பொங்கியது. இரண்டாவது உறையிலும் அதுவே. மூன்றாவதிலும் அதுவே. நான்காவதில் துணிக்கு நடுவே ஒரு தாள் இருந்தது. அவர் எடுப்பதற்குள் திருமூர்த்தி எடுத்து, கடமை தவறாமல் உரக்கப் படித்தார்.

“தர ஆய்வு அறிக்கை. பொருள்: பழைய பந்தய டயர், நான்கு. பக்கவாட்டு முத்திரை 1801, அதாவது 2001ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத் தயாரிப்பு. ரப்பர் இறுகிவிட்டது, நகம் பதியவில்லை. இரண்டில் மயிரிழை வெடிப்பு. முடிவு: ரிஜெக்ட். சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரில் ஏற்கெனவே உள்ள டயர்கள் நலம். அவற்றிலேயே மெதுவாக ஓட்டவும். ஒப்பம், கோமளா.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தென்னந்தோப்புக் காக்கைகள் பறந்தன. திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. இதே சரக்கில் வேறு டயர் யாரிடமாவது போயிருக்கிறதா என்று கேட்டார். பூபாலன் பாதையைக் காட்டினார். வண்டியை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கொடியை நோக்கித் திருமூர்த்தி ஓடினார்.

கொடி எழுவதற்குள் வளைவில் ஒரு சத்தம் கேட்டது. வேல்குமாரின் பின்டயரிலிருந்து ரப்பர் பாளம் பாளமாய் உரிந்து பறந்தது. கார் தன்னைத்தானே மூன்று முறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, பாதையை விட்டு விலகி, மண்ணில் புதைந்து நின்றது. நல்லவேளை, வேல்குமாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான்கு காலில் தவழ்ந்து வந்தார். அரை மணி நேரம் அவரிடம் எதைக் கேட்டாலும் தம் பட்டறையின் தொலைபேசி எண்ணையே பதிலாகச் சொன்னார்.

பூபாலன் வெட்டுத்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்தார். அந்த வளைவில் முதலில் திரும்பியிருக்க வேண்டியவர் அவர்தான். சட்டை கழற்றும் வைபவத்துக்காகத்தான் வேல்குமாரை முன்னால் போகவிட்டிருந்தார். கைப்பேசியை எடுத்தார்.

“அம்மிணி.”

“சொல்லுங்க. நூல் வியாபாரி நல்லா இருக்காருங்களா?”

“மண்ணுக்குள்ள போய் நின்னுட்டாரு. அடி ஒண்ணுமில்ல. ஆளு தப்பிச்சுட்டாரு.”

மறுமுனையிலிருந்து, “தோசை குடுங்க அவருக்கு. நீங்களும் தின்னுங்க” என்று குரல் வந்தது. அந்தக் குரல் ஒரு நூலிழை நடுங்கியது.

“நீ எப்படிக் கண்டுபுடிச்ச?”

“ஆம்பள நாய் அளவை டயர் கடையில சொன்னனுங்க. அது பின்சக்கரம்னு அவிகளே சொல்லிப்போட்டாங்க. கெடங்குல தேடிப் பாத்தேன். முத்திரைய எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டுப் படிச்சேன். நேத்து ராத்திரி பாய்லர் ரூமுல டயரை எடுத்துப்போட்டு, உறைக்குள்ள வெட்டுத்துணியத் திணிச்சுட்டேன்.”

“எங்கிட்ட நேரா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

பூபாலன் யோசித்தார். பல மாதங்களுக்குப் பிறகு கோமளாவிடம் ஓர் உண்மையைச் சொன்னார். “கேட்டிருக்க மாட்டேன்.”

அன்று அவர் பழைய டயர்களிலேயே நான்கு சுற்று ஓட்டினார். தாளில் எல்லாருக்கும் கடைசியாக அவர் பெயர் இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தம் வாழ்நாளில் அவ்வளவு அழகான தாளைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கோமளாவின் முன் நின்று, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். நன்றி என்ற சொல்லை அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் அத்தனை முறை செலவழித்ததில்லை. கேட்டு முடித்த கோமளா, புது ஸ்லிக் டயர் நான்கைத் திருமூர்த்தி மூலம் தாமே வரவழைப்பதாகச் சொன்னார். போகாமல் இருக்கப் போவதில்லை, போவதானால் நல்ல சரக்கோடு போகட்டும் என்பது அவர் வாதம். பூபாலன் அன்று முழுவதும் வீட்டுக்குள் கால் பாவாமல் நடந்தார்.

அடுத்த வாரம் திருமூர்த்தியே தொழிற்பேட்டைக்கு வந்தார். அந்த அறிக்கையை எழுதியவரைக் கும்பிட வேண்டும் என்றார். கும்பிட்டுவிட்டு ஒரு விண்ணப்பமும் வைத்தார்: இனிமேல் எந்தக் காரும் தளத்தில் இறங்குமுன் அம்மா ஒரு பார்வை பார்க்க வேண்டும். வேல்குமார் அதை வழிமொழிந்தார். பெருமையில் பூபாலனுக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது.

அப்படியாக அடுத்த மாத ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கோமளா கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், அட்டையும் பேனாவுமாய்த் தளத்தின் வாசலில் நின்றார். முதலாளிகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்றார்கள். வேல்குமாரின் காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், நகத்தால் அழுத்தினார், கையெழுத்துப் போட்டார். அடுத்தது சிவப்புக் கார். நான்கும் புத்தம் புதிய ஸ்லிக். ஒவ்வொன்றையும் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பூபாலன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நன்றியும் காதலும் ததும்ப மனைவியை நோக்கிப் புன்னகைத்தார்.

“லைசென்ஸ் எடுங்க, சார்” என்றார் கோமளா.

இருபத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் அவர் சார் என்று அழைத்தது அதுவே முதல் முறை. பூபாலன் மயங்கிப்போய் எடுத்துக் கொடுத்தார். கோமளா முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு அதை அட்டையில் செருகிக்கொண்டார்.

“அம்பது வயசு வரைக்குந்தானுங்க குடுத்திருக்காங்க. போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு. டயரு நாலும் பாஸுங்க, டிரைவருதான் ரிஜெக்ட்.”