சிலோனுக்கு நடந்தே போன கெளம்பு அண்ணாச்சி

உட்காருவதற்கென்று ஆண்டவன் மனிதனுக்கு ஓர் அங்கத்தைக் கொடுத்திருக்கிறான் என்பதை ஒப்புக்கொள்ளாதவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் விருதுநகரில் எங்கள் தெருவில் குடியிருந்தார். பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் கெளம்பு அண்ணாச்சி. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

முடி வெட்டிக்கொள்வதுகூட நின்றபடிதான். கடைக்காரர் கத்தரியோடு அவரைப் பிரதட்சிணம் செய்து முடிப்பதற்குள் அண்ணாச்சி பாதித் தலையோடு வாசலுக்கு வந்துவிடுவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார். மிச்சக் கதையை மறுநாள் எங்களிடம் கேட்பார். அதையும் முழுசாகக் கேட்க மாட்டார். "கடைசியில கல்யாணம்தான? சரி, வாரேன்."

பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். காலையில் நாரணாபுரத்தில் இருப்பார், மத்தியானம் தாயில்பட்டியில் இருப்பார், சாயங்காலம் சிவகாசியில் நான் வேலை பார்த்த லேபிள் பிரஸ்ஸில் வந்து நிற்பார்.

"லேபிள் ஆச்சா தம்பி?"

"அடிச்சாச்சு அண்ணாச்சி. மை காயணும்."

"லாரியில போகையில காயாதாக்கும்? ஏத்துங்க, ஏத்துங்க!"

ஒருமுறை ஏற்றினோம். தாயில்பட்டி போய்ச் சேர்ந்தபோது அத்தனை லேபிளும் ஒட்டிக்கொண்டு ஒரே செங்கல்லாக இருந்தது. அதில் அச்சடித்திருந்த மயில்களை ஆள் போட்டு உரித்தும் பிரிக்க முடியவில்லை.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்துவிட்டால் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். விரட்டுவதற்கு லோடு இருக்காது. தெருவில் வடக்கும் தெற்குமாக நடந்துகொண்டிருப்பார். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், பொங்கல் கழிந்த கையோடு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, சிலோன் பாத்திருக்கீகளா?"

"இல்லையே அண்ணாச்சி."

"நானும் பாக்கல. கெளம்புங்க."

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. என் மனைவி செல்லம் கன்னியாகுமரிக்கே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள். சிலோன் என்றதும் அன்றே பெட்டியை எடுத்துவிட்டாள். பருத்தி வியாபாரிகள் சிலர் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினியும் வந்தார். பெயரில்தான் பேச்சு. மதினி பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று புருஷனிடம் சொல்வதற்கே அவர் தெருமுனை வரை பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

கப்பலேறுமுன், மண்டபம் முகாமில் எல்லோருக்கும் காலரா ஊசி போட்டார்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினார். கூட்டத்தில் கவனிக்காமல் இரண்டிலும் குத்திவிட்டார்கள். "நல்லதாப்போச்சு, திரும்பி வரும்போது வேண்டாம்" என்று நடந்தார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதும் மதினி செல்லத்தின் காதில் சொன்னாராம்: "கப்பல்ல எங்கன ஓடுவாரு? செத்த நேரம் பக்கத்துல இருப்பாருன்னுதான் நானும் வந்தேன்." அண்ணாச்சி கப்பலின் மேல்தளத்தை வலம்வர ஆரம்பித்தார். தலைமன்னார் தெரியும்வரை நிறுத்தவில்லை. நாங்கள் சிலோனுக்குக் கப்பலில் போனோம். அண்ணாச்சி நடந்தே போனார்.

திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வருகிறவர்கள் ஒவ்வொன்றாக, நிதானமாகக் குளிப்பது வழக்கம். அண்ணாச்சி ஏழிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் மொண்டு ஒரே வாளியில் கலந்தார். வரிசையாக நிற்கவைத்து எங்கள் தலையில் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்.

"ஏழும் சேந்தாச்சு. தொவட்டிக்கிட்டே நடங்க!"

சிகிரியாவில் அந்தப் பெரிய பாறையில் நாங்கள் மூச்சு வாங்கப் பாதி ஏறியிருந்தோம். எதிரே அண்ணாச்சி இறங்கி வந்துகொண்டிருந்தார். "மேல ஒண்ணுமில்ல, காத்துதான் இருக்கு. எறங்குங்க." குகைச் சுவரில் தீட்டியிருக்கிற பெண்களைப் பார்க்க வேண்டும் என்றார் பருத்தி வியாபாரி ஒருவர். "ஒங்க வீட்டம்மா பின்னாலயே நிக்காக" என்றார் அண்ணாச்சி. வியாபாரி மறுபேச்சில்லாமல் இறங்கினார்.

கண்டியில் புத்தரின் பல் இருக்கிற கோயில், குளம், கடைத்தெரு எல்லாம் ஒரு காலைப்பொழுதோடு சரி. பேராதனைப் பூங்காவில் இரண்டு பக்கமும் பனை மாதிரி உயர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கிற பாதையில் செல்லம் அசந்துபோய் நின்றுவிட்டாள். "மரம் எங்கம்மா போகப்போகுது? அது அங்கனயேதான் நிக்கும். நாமதான் போகணும்" என்று அவளைக் கிளப்பினார்.

நுவரெலியாவுக்குப் போனோம். கருவேல மரமும் வெயிலும் மட்டுமே பார்த்த எங்கள் கண்ணுக்கு அந்தக் குளிரும், மலைச்சரிவெல்லாம் தேயிலையும், ஏரி மேல் படுத்திருந்த மூடுபனியும் வேறு உலகமாக இருந்தன. ஏரிக்கரையில் ஒரு மரப்பெஞ்சு. மதினி போய் அதில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில், நானுஓயா ரயிலடிக்குப் போகிற பஸ் வந்து நின்றது. ரயிலைப் பிடித்துக் கொழும்பு போக வேண்டும்.

"ஏ பேச்சி, கெளம்பு!"

மதினி அசையவில்லை.

"ரயிலு போயிரும்ங்கேன்!"

"போகட்டும். ஒங்கள மாதிரி அதுவும் சாயங்காலம் திரும்பி வரும்."

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஏரியைப் பார்த்தோம்.

"என்ன கோவம் இப்ப?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. கடல் தாண்டி இம்புட்டுத் தூரம் வந்து ஒங்க முதுகத்தான் பாத்திருக்கேன். அத விருதுநகர்லயே பாக்கேனே! நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்."

குரலை உயர்த்தவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். செல்லம் தானும் மதினியோடு இருப்பதாகச் சொன்னாள். மதினி அவளை அதட்டி என்னோடு அனுப்பினார்.

"அடுத்த பஸ்ல தன்னால வருவா" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி எங்களை ஏற்றிவிட்டுப் படியில் தொற்றிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே தலையை நீட்டி, பனிக்குள் சின்னதாகிக்கொண்டே போன பெஞ்சைப் பார்த்தபடி நின்றார். வளைவு வந்தது. பெஞ்சு மறைந்தது.

"நிப்பாட்டுங்கய்யா!"

எங்கள் எல்லோருடைய டிக்கெட்டுகளையும் என் மடியில் எறிந்தார். "தம்பி, எல்லாரையும் ஊர் சேத்துருங்க" என்று குதித்தார். அண்ணாச்சி ஓடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். வந்த வழியே திரும்பி ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தோம். வேட்டி அவிழ்ந்ததைக்கூட ஓடிக்கொண்டேதான் கட்டினார்.

கொழும்பில் எங்களை அவசரப்படுத்த யாருமில்லை. காலிமுகத் திடலில் கடலைப் பார்த்து ஆசைதீர உட்கார்ந்தோம். உட்கார்ந்தோமே தவிர, யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. "மதினி சாப்பிட்டாகளோ என்னமோ" என்று செல்லம் கேட்டுக்கொண்டே இருந்தாள். யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்து, தலைமன்னார் ரயிலைக் கோட்டைவிட்டோம். அண்ணாச்சியோடு போன வழியிலெல்லாம் எந்த ரயிலையும் நாங்கள் தவறவிட்டதில்லை.

ஊர் திரும்பியும் அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. அண்ணாச்சியைக் காணாமல் கம்பெனிகளில் தேடினார்கள். நான் தினமும் ரயிலடிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். அயல்நாட்டில், அந்தக் குளிரில், சண்டை போட்டுக்கொண்டு எங்கே நிற்கிறார்களோ என்று என்னவெல்லாமோ தோன்றியது.

ஒருநாள் சாயங்காலம் பிரஸ் வாசலில் அந்தக் குரல்.

"லேபிள் ஆச்சா?"

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீக? இத்தனை நாளும் அங்கன என்னதான் பாத்தீக?"

"எங்க பாக்க? பேச்சி பேசிக்கிட்டே இருந்தா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். குளிருன்னா அம்புட்டுக் குளிரு." கொஞ்சம் நிறுத்தினார். அவர் நிறுத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவ ரொம்ப நல்லாப் பேசுதா தம்பி. ஒரு விசயம் சொன்னான்னா சிரிச்சு முடியல. இத்தன வருசமா எனக்குத் தெரியவே தெரியாது பாத்துக்கிடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வார தையிலயும் போகணும். இன்னும் பாதிதான் சொல்லியிருக்கா."

சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார். தோளைப் பிடித்து அழுத்தி, ஒரு நிமிஷமாவது அவரை எதிரே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அது மதினிக்கு மட்டும் கிடைத்தது என்று தோன்றியதால் மனசு வரவில்லை. ஒதுங்கி வழிவிட்டேன்.